ஷீஜா சிஸ்டர் எழுதாமல் விட்டது

ஷீஜாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கொச்சி மட்டாஞ்சேரியில் சர்க்கார் பொதுசுகாதார நர்ஸ். ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நிற்கும் வேலை அல்ல அவளுடையது, வீடு வீடாக நடக்கும் வேலை. எந்தச் சந்தில் எந்தப் பெண்ணுக்கு எத்தனை மாதம், யாருக்கு ரத்தம் குறைவு, யார் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு முழுங்காமல் இருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அப்பா பாலையா முப்பது வருஷம் நகரசபையில் துப்புரவு வேலை பார்த்தவர். அதனால் அங்குள்ள தமிழ் வீடுகளில் அவள் நர்ஸாகவும் இருந்தாள், 'நம்ம பாலையா மோளாகவும்' இருந்தாள். அஞ்சுவின் வீடும் அப்படி ஒன்றுதான்.

அஞ்சுவின் புருஷன் ரதீஷ் ஆட்டோ ஓட்டுகிறவன். கூட இருந்தது அவன் அம்மா ஆவுடையம்மாள். இரண்டு வருஷத்துக்கு முன் அஞ்சு முதல் தடவை கர்ப்பமாக இருந்தபோது ஷீஜாதான் பார்த்துவந்தாள். எடை, ரத்த அழுத்தம், ஸ்கேன் எல்லாம் சரியாக இருந்தன. எட்டு மாதம் கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அன்று புதன்கிழமை, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். சென்டரில் முப்பதுக்கு மேல் குழந்தைகள் இருந்தன. ஒன்று அழ ஆரம்பித்தால் எல்லாம் அழும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அஞ்சுவின் ஃபோன் வந்தது.

"சிஸ்டரே, நேத்து சாயந்தரத்துலேர்ந்து அனக்கம் இல்லாத மாதிரி இருக்கு."

வயிற்றுக்குள் குழந்தை அசைவதைத்தான் அங்கே அனக்கம் என்பார்கள். ஷீஜா ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த ஊசியைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"ஒண்ணும் இருக்காது மோளே. புள்ள உறங்கியிருக்கும். எதாவது இனிப்பாக் குடிச்சிட்டு எடப்பக்கமா சாய்ஞ்சு படு. சாயந்தரம் பாப்போம்."

சாயந்தரம் அவள் பார்க்கவில்லை. மறந்துபோனாள். மறுநாள் காலை அஞ்சுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது குழந்தையின் துடிப்பு நின்றிருந்தது. ஆண் குழந்தை. எப்போது நின்றது என்று சொல்ல முடியாது, முந்தின நாள் காலையிலேயே நின்றிருந்தாலும் நின்றிருக்கலாம் என்றார் டாக்டர். 'நின்றிருக்கலாம்' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஷீஜா இரண்டு வருஷத்தைத் தள்ளினாள்.

இப்படி ஒரு குழந்தை போனால் நர்ஸ் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கர்ப்பிணியைக் கடைசியாகப் பார்த்த தேதியை அதில் கேட்டிருந்தது. ஷீஜா முந்தின வாரம் வீட்டுக்குப் போன தேதியை எழுதினாள். அது பொய்யில்லை. ஃபோனைப் பற்றி எழுதக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் அவள் எழுதவும் இல்லை.

அதைவிட அவளை அரித்தது வேறொன்று. குழந்தை போனாலும் தாய்க்குப் பால் சுரக்கும், மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும், தையல் வலிக்கும். முதல் வாரத்திலேயே போய்ப் பார்த்திருக்க வேண்டும். அவள் வீடுகளுக்குப் போவதில் தனக்கு உதவியாக இருக்கும் ஆஷா ஊழியர் பாக்கியலக்ஷ்மியை அனுப்பினாள். பத்தாம் நாள்தான் தானே போனாள். அஞ்சு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஆவுடையம்மாள் ஒரு குறையும் சொல்லவில்லை. "சாயா குடிங்க சிஸ்டர்," என்று மட்டும் சொன்னாள். ஷீஜா பாதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

இந்த வருஷம் மழை தொடங்கிய நேரத்தில் பாக்கியலக்ஷ்மி வந்து சொன்னாள்.

"அஞ்சுவுக்கு நாலு மாசம். பேர் பதியமாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்கும் போகல. கர்ப்பக் கார்டு எழுதினாத்தானே மாசக் கணக்கு வரும், எண்ணிக் காத்திருக்கணும், எழுதவே வேண்டாம்னு சொல்லுது."

பக்கத்து வார்டு நர்ஸை அனுப்பியிருக்கலாம். ஷீஜா அரை நாள் யோசித்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினாள்.

ஆவுடையம்மாள்தான் கதவைத் திறந்தாள். அஞ்சு உள்ளே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. ரதீஷ் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். ஷீஜா உட்கார்ந்ததும் ஆவுடையம்மாள் முந்திக்கொண்டாள்.

"நீங்களாவது இவளுக்குச் சொல்லுங்க. போன தடவையும் இப்படித்தான். ஒரு நாள் முழுக்க அனக்கம் இல்ல, ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. வாயத் திறந்திருந்தா என் பேரன் இருந்திருப்பான்."

ஷீஜா அஞ்சுவைப் பார்த்தாள். கத்தி நின்றிருந்தது.

அப்போதுதான் ஷீஜாவுக்கு விளங்கியது. அந்த ஃபோனைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷமாக இந்தப் பெண் அந்தப் பழியை ஒற்றையாகச் சுமந்திருக்கிறாள்.

"அவ சொன்னா," என்றாள் ஷீஜா.

"யார்கிட்ட?" என்றான் ரதீஷ்.

"என்கிட்ட. அன்னிக்குக் காலைல பத்தரைக்கு என்னைக் கூப்பிட்டா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன்னு நான் சொல்லியிருக்கணும். ஒண்ணும் இல்ல, படுன்னு சொல்லிட்டேன். சாயந்தரம் விசாரிக்கவும் இல்ல. தப்பு அவ மேல இல்ல, என் மேல."

ரதீஷ் சோற்றுக் கையோடு எழுந்து நின்றான். முகம் கறுத்துவிட்டது. முதலில் மனைவியைத்தான் கேட்டான்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சிஸ்டரே ஒண்ணும் இல்லன்னாங்க. பிறகு உங்களை வேற எதுக்குப் பேடிப்பிச்சுப் பயப்படுத்தணும்னு இருந்தேன்." அஞ்சு கத்தியைக் கீழே வைத்தாள். "எல்லாம் கழிஞ்சப்புறம் சொன்னா யார் நம்புவாங்க?"

ரதீஷ் ஷீஜாவின் பக்கம் திரும்பினான். "இறங்கிப் போங்க சிஸ்டர். நான் எதாவது சொல்றதுக்குள்ள போங்க."

அவள் போனாள். சந்தின் முனை வரும்வரை குடையை விரிக்கக்கூடத் தோன்றவில்லை. மறுநாள் மெடிக்கல் ஆபீசருக்கு நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது, பதில் எழுதினாள், எச்சரிக்கை என்று சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. கூட வேலை பார்த்தவர்கள், யாரும் கேட்காததை ஏன் போய்ச் சொன்னாய் என்றார்கள். ஆனால் அன்றிலிருந்து தூக்கம் சரியாக வந்தது.

ஒன்பது நாள் கழித்து அஞ்சுவே கூப்பிட்டாள்.

"கார்டு எழுதணும். எப்ப வரணும்?"

"பக்கத்து வார்டு சிஸ்டர் நல்ல ஆளு. அவங்களை வரச் சொல்லட்டா?"

"வேண்டாம். வேற ஆள் வந்தா முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்லணும். எனக்கு முடியாது. நீங்களே வாங்க."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. ஷீஜாவும் கேட்கவில்லை.

கார்டு எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் கூடுதல் ஸ்கேனுக்கு ஏற்பாடானது. ஏழு மாதம் ஆனதிலிருந்து தினமும் சாப்பாட்டுக்குப் பின் அஞ்சு இடப்பக்கம் படுத்து அனக்கத்தை எண்ண வேண்டும் என்று ஷீஜா சொன்னாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் கோடு போடுவது ஆவுடையம்மாளின் பொறுப்பு. பழி சொன்ன வாய் அந்தக் கோடு போடும் வேலையில் அடங்கிப்போனது. கிழவி ஒரு நாளும் தவறவிடவில்லை. ரதீஷ் மட்டும் ஷீஜா வரும்போதெல்லாம் வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருப்பான்.

பயம் கேட்குமா? அஞ்சு ஆறு தடவை கூப்பிட்டாள். ஆறு தடவையும் ஷீஜா "ஆஸ்பத்திரிக்கு வா" என்றுதான் சொன்னாள், தானும் போனாள். ஆறு தடவையும் குழந்தை நன்றாக இருந்தது. ஐந்தாம் தடவை அஞ்சு வெட்கப்பட்டாள். "சும்மா சும்மா அலைய வைக்கறேன்."

"அம்பது தடவை கூப்பிடு. அதுக்குத்தானே சம்பளம்."

ஏழாவது தடவை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஷீஜா எர்ணாகுளத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் இருந்தாள். இந்த முறை கூப்பிட்டது ரதீஷ்.

"சிஸ்டர், வழக்கமா பத்து வர்ற நேரத்துல மூணுதான் வந்திருக்கு. நானும் கைவச்சுப் பாத்தேன்."

"வண்டியில ஏத்து. தோப்பும்படிப் பாலம் வழியா நேரா எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வா. நான் வாசல்ல நிக்கறேன். நான் முன்னாலயே சொல்லி வைக்கறேன்."

அவர்கள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் ஷீஜா பிரசவப் பகுதியில் போன தடவைக் கதையைச் சொல்லி, தன் பிழையையும் சேர்த்துச் சொல்லி, இடம் பிடித்து வைத்திருந்தாள். வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் துடிப்பைக் காகிதத்தில் வரையும் மெஷினில் கோடு இரண்டு இடத்தில் பள்ளமாக விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தார்கள். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யவில்லை, குழந்தை இன்னும் ஒரு நாள் தாங்கியிருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு கிராம். ஆறு நாள் குழந்தைகள் பிரிவில் இருந்துவிட்டுத் தாயின் பக்கத்துக்கு வந்தது.

ஆபரேஷன் முடிந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் ரதீஷ் ஷீஜாவிடம் ஏதோ சொல்ல வந்தான். "சாப்பிட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டான். இல்லை என்றாள். ஒரு பொட்டலம் புரோட்டா வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்த மறுநாளே ஷீஜா போனாள். தையலைப் பார்த்தாள். சின்னக் குழந்தை, உறிஞ்சி உறிஞ்சி அசந்துவிடும். எப்படித் தூக்கிப் பிடித்தால் மார் சரியாகப் பிடிக்கும் என்று காட்டிக்கொடுத்தாள். அஞ்சுவின் கண்ணைச் சுற்றிக் கருவளையம் கட்டியிருந்தது. கேட்டபோது ஆவுடையம்மாள்தான் சொன்னாள். வந்ததிலிருந்து அவள் கண்மூடவில்லை, குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாலும் கேட்கவில்லை.

ஷீஜா பையை மூடி வைத்தாள். இன்னும் நான்கு வீடு பாக்கி இருந்தது.

அஞ்சு சற்று நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் தூக்கி ஷீஜாவின் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் உறங்கட்டுமா? நீங்க இருப்பீங்கல்ல?"

"இருக்கேன். நீ உறங்கு."

சொல்லி முடிப்பதற்குள் அவள் உறங்கிவிட்டாள். ஷீஜா பாக்கியலக்ஷ்மியைக் கூப்பிட்டு, மீதி வீடுகளுக்கு நாளைக்கு வருவதாகச் சொல்லச் சொன்னாள். ஒன்றேமுக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போனது. குழந்தை இரண்டு தடவை தும்மியது.