சம்மர் ஸ்கூல் போனால் ஃபெயிலா?

செயலாளர் அவர்களே, போன சனிக்கிழமை பொங்கல் விழா மேடையில் நீங்கள் ஒரு பெண்ணைப் பற்றிப் பொய் சொன்னீர்கள்.

தெரியாமல் சொன்னேன் என்பீர்கள். மைக்கைப் பிடிப்பவர் தெரிந்துகொண்டு பேச வேண்டும். இல்லையென்றால் மைக்கைக் கீழே வைக்க வேண்டும்.

விழாவுக்கு வராத வாசகர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். ஆக்லாந்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒவ்வொரு பொங்கலுக்கும் நன்றாகப் படித்த பிள்ளைகளை மேடைக்கு அழைத்துக் கேடயம் கொடுப்பார்கள். நல்ல வழக்கம்தான். கொடுத்து முடித்ததும் செயலாளருக்கு ஒரு உற்சாகம் வந்துவிட்டது.

"இவங்கள்லாம் ஒழுங்கா படிச்சவங்க. வருஷம் பூரா ஊர் சுத்திட்டு அரியர் வெச்சவங்க எல்லாம் இப்போ சம்மர் ஸ்கூல்ல உக்காந்திருக்காங்க. நம்ம சிவம் அண்ணன் பொண்ணுகூட அங்கதான்... பேரன்ட்ஸ் கொஞ்சம் கவனிங்க!"

ஹாலே சிரித்தது. சிவம் அண்ணன் மட்டும் கையில் பொங்கல் தட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

யார் இந்தப் பெண்? யாழினி. பாபடோயிட்டோய் பகுதியில் என் பக்கத்து வீடு. பெயரை மாற்றவில்லை. கேட்டேன், "போடுங்கோ அன்ரி" என்றாள். அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், ஏர்போர்ட் கார்கோவில் வேலை. இவள் காமர்ஸ் முடித்து பேங்கில் இருந்தவள். நல்ல மார்க், நல்ல வேலை. அதை விட்டுவிட்டு டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றாள். ஸ்கூலில் கெமிஸ்ட்ரியை எட்டிப் பார்த்ததோடு சரி. பிசிக்ஸ் அதுவும் இல்லை. யூனிவர்சிட்டியில் சொன்னது இதுதான்: கோடை விடுமுறையில், சம்மர் ஸ்கூலில், இரண்டையும் படித்து நல்ல கிரேடு வாங்கு, வாங்கினால் மார்ச்சில் மருத்துவத்துக்கு முந்தைய முதல் வருடத்தில் சேரலாம். இல்லையா, இன்னும் ஒரு வருடம் காத்திரு.

இதில் ஃபெயில் எங்கே வந்தது?

நியூசிலாந்தில் ஜனவரிதான் கோடை. அப்போது ஆக்லாந்து எப்படி இருக்கும்? பாதி ஊர் பீச்சில், மீதி ஊர் பார்பெக்யூவில். ரயிலுக்குக்கூட லீவு... தண்டவாள வேலை என்று நிறுத்திவிட்டு, பதிலுக்கு ஒரு பஸ் விடுவார்கள். அது ஊரையெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் சிட்டிக்குப் போகும். எனக்கும் சிட்டியில்தான் வேலை. அதனால் யாழினியை என் காரில் ஏற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். நானும் பி.எஸ்ஸி. படித்தவள்தான். மனப்பாடம் செய்து, பரீட்சையில் கொட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து தூங்கினவள். இவள் படிப்பது அந்தப் படிப்பே இல்லை. ஒரு செமஸ்டர் முழுக்க ஆற அமர நடத்த வேண்டியதைச் சில வாரங்களில் திணிக்கிறார்கள். திங்கட்கிழமை லெக்சரைத் தவறவிட்டால் புதன்கிழமை நடப்பது எதுவும் புரியாது. காலையில் லெக்சர், மதியம் லேப், சாயங்காலம் அடுத்த நாளுக்கான பாடம். காரில் ஏறினதும் ஹெட்போனில் பழைய லெக்சர், அதுவும் வேகத்தைக் கூட்டி வைத்து!

ஒருநாள் மோட்டார்வேயில் ஒருத்தன் சிக்னல் போடாமல் குறுக்கே புகுந்தான். நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். யாழினி ஹெட்போனைக் கழற்றினாள்.

"அன்ரி, டோன்ட் ஷவுட். எனக்கு டெஸ்ட் இருக்கு."

"உனக்கென்ன, எனக்கு ரத்தம் கொதிக்குது!"

"கொதிக்காது. உங்கட பிளட் உங்களைவிட ஸ்மார்ட்" என்று சிரித்தாள். பிறகு பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னாள். கோபத்தில் வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் அமிலம் குறையப் பார்க்கும். ஓடினால் கூடப் பார்க்கும். ஆனால் ரத்தத்திலேயே இருக்கும் சில உப்புகளும் நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து அதை அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கும். கொஞ்சம் தாண்டினாலும் ஆபத்து. நாம் கத்தும்போதும், தூங்கும்போதும், பிறந்ததிலிருந்து அந்த வேலை நடக்கிறது.

"ஒருத்தரும் அதுக்குத் தாங்க்ஸ் சொல்றேல்ல, அன்ரி. இட்ஸ் ஸோ பியூட்டிஃபுல்."

குறுக்கே புகுந்தவனை மறந்தே போனேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இத்தனை வருடம் இந்த உடம்பை வைத்திருக்கிறேன்; உள்ளே இப்படி ஒரு அதிசயம் ஓடுகிறது என்று ஒரு ஆள் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அப்போது அவள் ஏற்கெனவே டாக்டர்.

அந்தப் பெண்ணைத்தான் நீங்கள் அரியர் கேஸ் ஆக்கினீர்கள்.

மறுநாள் காலை சிவம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"தங்கச்சி, நாளையிலயிருந்து அவளை ஏத்த வேண்டாம்."

"ஏண்ணே? அவ ஃபெயிலாகலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"ஓம், எனக்குத் தெரியும். ஹோல் முழுக்க இருந்த சனத்துக்குத் தெரியாதே. ராத்திரியிலயிருந்து போன் எடுத்து, ரிப்பீட்டோ, திரும்பப் படிக்கிறாளோ எண்டு கேக்கினம். பேங்க் வேலையை விட்டதே போதும். இதையும் விடட்டும்."

விட்டேனா? வாசலிலேயே வைத்துக் கேட்டேன். "ஊர் வாய்க்குப் பயந்து பெத்த பொண்ணை நிறுத்துறீங்களே, நீங்க என்ன மனுஷன்?" செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை யாழினி வாசலில் இல்லை. நின்றுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இல்லை! எனக்கும் அப்பாவுக்கும் சண்டை வேண்டாம் என்று, விடியும்போதே கிளம்பி அந்த ஊர் சுற்றும் பஸ்ஸில் போயிருக்கிறாள். இன்றுவரை அப்படித்தான் போகிறாள். அப்பா அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை.

நேற்று வழியில் பிடித்து நிறுத்தினேன். "அந்தச் செயலாளர்கிட்டயே போய்க் கேட்டிருக்கலாமேடி?"

"டைம் இல்லை, அன்ரி. எக்ஸாம் வருது." பையை மறு தோளுக்கு மாற்றினாள். "கெமிஸ்ட்ரி ஓகே. அப்பா கதைக்காமல் இருக்கிறதுதான்... படிக்கேக்க மண்டைக்குள்ள அதுதான் ஓடுது."

நம் ஆட்களை எனக்குப் புரியவே இல்லை. லீவு முழுக்கப் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பினால் பெருமை. அதே பிள்ளை வளர்ந்து, தானே விரும்பி லீவில் படித்தால் அவமானம். விரும்பிப் படிப்பது என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாதா?

நான் போனில் சத்தம் போட்டதற்கு, செயலாளர் எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்: "ஸாரி மேடம், சின்ன விஷயம், பெருசு பண்ணாதீங்க." எனக்கு எதற்கு ஸாரி? சிவம் அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"மைக்கில சொன்னவர் மைக்கிலயே மாத்திச் சொல்லட்டும். பிறகு நான் மகளோட கதைக்கிறன்."

இந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பொதுக்கூட்டம். யாழினியின் எக்ஸாம் அதற்குப் பிறகுதான். சிரித்தவர்கள் எல்லோரும் வருவார்கள். சிவம் அண்ணனை நான் அழைத்து வருகிறேன். செயலாளர் அவர்களே, எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்: யாழினி எந்தப் பாடத்தில் ஃபெயில்?