அண்ணன் திரும்பிப் பார்க்காமல் கொடுத்த பந்து

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பிறந்து, கிழக்கே எழுவான்கரையில் குடியிருந்து, முப்பத்தொரு நாட்களுக்கு முன்னர் எங்களைவிட்டுப் பிரிந்த என் அண்ணனைப் பற்றி எழுதித் தரும்படி அவருடைய மகள் என்னிடம் கேட்டாள். "சித்தப்பா, அப்பாட விளையாட்டப் பத்தி உங்களுக்குத்தான் முழுக்கத் தெரியும். நீங்க எழுதினாத்தான் சரி" என்றாள். பிள்ளை சொன்னது உண்மைதான். முழுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனாலேயே தாளை எடுத்து வைத்துவிட்டுப் பல நாட்கள் ஒரு வரியும் எழுதாமல் இருந்தேன்.

நினைவு மலரில் மறைந்தவரின் குறைகளை எழுதுவதில்லை. இதிலும் அண்ணனின் குறை எதுவும் வராது. வரப்போவது என்னுடையது. சபையில் மூத்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் பெற்றோருக்கு அண்ணன் மூத்தவர், நான் இளையவன். அப்பா நெல் வட்டையில் மற்றவர்களின் வயலைச் செய்தவர். அறுவடை முடிந்தால் அந்த வயல்தான் எங்கள் மைதானம். வெட்டிய நெல்லின் அடித்தாள் உள்ளங்காலைக் குத்தும். குத்தக் குத்த எல்லாரும் கோல் போடத்தான் ஓடுவார்கள், பின்னால் நிற்க ஆள் கிடைக்காது. அண்ணன் யாரும் சொல்லாமலே பின்னால் போய் நிற்பார். எனக்கு ஓட்டம் வராது என்பதால் கோலுக்குள் நிறுத்திவிட்டார்கள். அப்படித்தான் அவர் பின்கள வீரரும் நான் பந்துக்காப்பாளரும் ஆனோம். வேறு பெரிய காரணம் கிடையாது.

எங்கள் இருவருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. பந்து உயரத்தில் வந்தால் நான் "அண்ணே!" என்று கத்துவேன். கத்தினால், நான் முன்னுக்கு வருகிறேன், பந்தை எனக்கு விடு என்று அர்த்தம். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். பந்தைத் தலையால் பின்னுக்குத் தட்டிவிட்டு, வருகிறவனை மறித்து நின்றுகொள்வார். பந்து என் கைக்கு வந்துவிடும். பள்ளிக்கூட அணியிலும் அப்படித்தான், ஊர்க் கழகத்திலும் அப்படித்தான். எதிர் அணிக்காரர்கள் எங்களைப் பார்த்து, "இவனுக்கு முதுகிலயும் கண் இரிக்கிடா" என்பார்கள். கண் இருக்கவில்லை. தம்பி இருக்கிறான் என்ற நம்பிக்கை இருந்தது.

மாவட்ட அணிக்கு ஆடியபோது கொழும்புக் கழகம் ஒன்று அண்ணனைக் கண்டு அழைத்துக்கொண்டது. பகலில் ஒரு களஞ்சியத்தில் வேலை, பின்னேரம் பயிற்சி. சிங்களம் மைதானத்திலேயே பழகினார். அவர் முதலில் கற்றுக்கொண்ட சிங்களச் சொற்கள் எல்லாம் நடுவரைத் திட்டும் சொற்கள் என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு மாலைதீவுக் கழகம் ஒன்றில் ஒப்பந்தம் கிடைத்தது. எங்கள் ஊரில் பந்து உதைத்துச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "பந்துக்கு உதைக்கவும் சம்பளம் குடுப்பானுகளா மனே? வடிவாக் கேட்டியா?" என்று தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டா.

அவர் வாழ்நாளில் போட்ட கோல்களை விரல்விட்டு எண்ணலாம். தடுத்தவற்றை யாரும் எண்ணி வைக்கவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இருக்கவில்லை. விடுமுறையில் வந்தால் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு நேரே ஊர்க் கழகத்துக்கு ஆடப் போய்விடுவார்.

யுத்தம் முடிந்த பிறகு ஊரோடு வந்துசேர்ந்தார். அக்கரையில் பெண் பேசினார்கள். நம் வழக்கப்படி கலியாணத்தோடு அண்ணன் மச்சாளின் வீட்டுக்குக் குடிபோனார். நான் பிறகு ஊருக்குள்ளேயே இரண்டு ஒழுங்கை தள்ளிக் கலியாணம் முடித்தேன். அண்ணனின் கலியாண வீட்டில் எங்கள் கழகத் தலைவர், முறைக்கு எங்களுக்கு மாமா, "கோல் ஒண்டும் போடாமலே எங்கட ஆள அக்கரையான் வெண்டுட்டான்" என்று பகிடிவிட்டார். எல்லாரும் சிரித்தோம். அந்தப் பகிடிக்குள் ஒரு கோபம் இருந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அண்ணன் குடிபோனாலும் கழகம் மாறவில்லை. வேலை முடிந்ததும் சைக்கிளைப் பாதை என்று நாங்கள் சொல்லும் படகில் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்து பயிற்சிக்கு வருவார்.

மறு வருடம் சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊரும் மச்சாளின் ஊரும் சந்தித்தன. இரு கரைச் சனமும் மைதானத்தில் நின்றது. கோல் இல்லாமல் ஆட்டம் முடியப்போகும் நேரம், ஒரு பந்து உயர்ந்து எங்கள் கோல் பக்கம் வந்தது. நான் "அண்ணே!" என்று கத்தினேன். கத்திக்கொண்டு முன்னுக்கும் வந்தேன். அப்போது அக்கரை ஆட்டக்காரன் ஒருவன் பாய்ந்து வருவதைக் கண்டேன். அவனுடைய முழங்கால் என் முகத்துக்கு நேரே வந்தது. நான் பயந்துவிட்டேன். இரண்டு அடி பக்கத்தில் ஒதுங்கினேன். அண்ணன் வழமைபோலத் திரும்பிப் பாராமல் பந்தைப் பின்னுக்குத் தட்டினார். ஆள் இல்லாத இடத்தில் அது ஒருமுறை குத்தி எழும்பிக் கோலுக்குள் போனது.

அக்கரைச் சனம் ஆரவாரித்தது. எங்கள் பக்கத்தில் யாரோ ஒருவர், "பொண்டாட்டி ஊருக்கு வித்துட்டான்டா!" என்று கத்தினார். அதன் பிறகு எல்லாரும் அதையே கத்தினார்கள்.

ஆட்டம் முடிந்து மரத்தடியில் இருந்தோம். தலைவர் மாமா வந்து எல்லாருக்கும் முன்னால் என்னைக் கேட்டார். "டேய், நீ கூப்பிட்டியா, இல்லியா?"

அண்ணன் குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மாமா. நான் கூப்பிடல்ல" என்றேன்.

அண்ணனின் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருடம் நான் இப்படி இருந்திருக்கமாட்டேன். காயப்பட்டு விழுந்தவனைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். பிறகு மாமாவிடம், "ஓம், அவன் கூப்பிடல்ல. என்ட பிழைதான்" என்றார். மறுபடி குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

அந்த ஒரு பொய்யோடு நான் ஊரில் நல்ல பிள்ளையாக வாழ்ந்தேன். கழகத்தில் அண்ணனின் பெயரை எடுத்துவிட்டார்கள். அவர் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது வாசலில் நின்ற பொடியன்கள் "கோல்! கோல்!" என்று கத்தினார்கள். நானும் வாசலில்தான் நின்றேன், குனிந்து செருப்பைத் தேடுவதுபோல நின்றேன். அம்மா ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "உன்ட அண்ணன் அப்பிடிச் செய்யிற ஆளாடா?" என்று கேட்டா. "தெரியாம்மா" என்றேன். அம்மா அதற்குப் பிறகு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூத்த மகன் என்ன செய்தான் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தா. இதை எழுதும்போது என் முகம் எரிகிறது.

அண்ணன் ஆடுவதை விட்டார். மச்சாளின் ஊர்க் கழகம் வந்து கேட்டபோதும் ஒரு வருடம் மறுத்தார். பிறகு முகாமையாளராகப் பொறுப்பெடுத்தார். பெயர்தான் முகாமையாளர். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும், கிழிந்த வலையைக் கட்டுவதும், பொடியன்களின் உடுப்பைத் தோய்த்துக் கொடியில் போடுவதும் அவர்தான். தோற்றால் பயிற்றுவித்த தன்னுடைய பிழை, வென்றால் பொடியன்களின் கெட்டித்தனம் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கழகம் மாவட்டக் கிண்ணம் வென்றது. அங்கிருந்து பல பிள்ளைகள் கொழும்புக் கழகங்களுக்குப் போனார்கள். அந்த ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. எங்கள் ஊரோ, "பாத்தியா, அங்கதானே அவன்ட மனசு" என்றது.

ஒரு முறை அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்தவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, நம்மட பொடியனுகளுக்கும் கிழமையில ரெண்டு நாள் வந்து பழக்கிக் குடுக்கட்டா? நீதானே செயலாளர். கழகத்தில ஒருக்காக் கேட்டுப் பாரன்."

"கேக்கிறன் அண்ணே" என்றேன்.

கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து, "அவங்க ஒத்துக்கொள்றாங்க இல்ல" என்று சொன்னேன். அவர் ஊருக்குள் வந்துபோகத் தொடங்கினால் என்றைக்காவது அந்தப் பேச்சு எழும்பிவிடும் என்ற பயம் எனக்கு. "பரவாயில்ல, மறுகா பாப்பம்" என்றார். பிறகு கேட்கவே இல்லை.

சென்ற ஆண்டு அவருக்குச் சிறுநீரக நோய் என்று கண்டார்கள். மச்சாள் ஒரு நாளும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டார். கடைசி வாரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கட்டிலைச் சுற்றி அவருடைய பொடியன்கள் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று இருந்தேன். போன பிறகும் இருந்தேன். அண்ணன்தான் பேசினார். "பாதை நிண்டுடும், இருட்ட முன்னம் போ" என்றார். போய்விட்டேன். அதுவே கடைசி.

இறுதி ஊர்வலத்தில் மச்சாளின் ஊர்க் கழகம் தன் கொடியைப் பெட்டிமேல் போர்த்தியது. எங்கள் ஊரிலிருந்து உறவினர்கள் வந்தார்கள். கழகம் வரவில்லை. அங்கே அண்ணனிடம் ஆட்டம் பழகிய பந்துக்காப்பாளன் ஒருவன், நான் தம்பி என்று அறிந்ததும் அழுதுகொண்டே சொன்னான்: "சேர் எங்களுக்கு எப்பவும் ஒண்டுதான் சொல்லுவார். கூப்பிட்டா வா. வரப் பயமெண்டாக் கூப்பிடாத. பயப்படுறது பிழையில்ல எண்டுவார்." அண்ணனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் ஒதுங்கினேன் என்றும், ஏன் ஒதுங்கினேன் என்றும் தெரிந்திருந்தது. அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதுவரை எழுதி முடித்ததும் முதலில் தலைவர் மாமாவிடம்தான் கொண்டுபோனேன். இப்போது அவருக்கு வயதாகிவிட்டது. கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். தாளை மடித்துத் தந்தார்.

"இத ஏன்டா மருமகன் இப்ப எழுதுறாய்? நீ கூப்பிட்டது எங்களுக்குக் கேட்டதுதானே. கோலுக்குப் பின்னாலதானே நாங்க நிண்டம்."

"மறுகா ஏன் மாமா என்னட்டக் கேட்டீங்க?"

"நீ என்ன சொல்றாய் எண்டு பாக்கத்தான். ஓம் எண்டிருந்தா அந்த இடத்திலயே முடிஞ்சிரிக்கும். நீ இல்ல எண்டாய். நாங்களும் விட்டுட்டம். நீ எங்களோட இரிக்கிறவன். அவன் போனவன்தானே."

அவர் கெட்ட மனிதர் அல்லர். வாசல்வரை வந்து, மழை வருகிறது என்று தன் குடையைத் தந்தார். குடையை வாங்கவில்லை, நனைந்துகொண்டே வந்தேன்.

அடுத்த நாள் அக்கரைக்குப் போய் மச்சாளின் முன்னால் இருந்தேன். மகள் உரத்து வாசித்தாள். நடுவில் தாளை என்னிடம் நீட்டினாள், மீதியை நானே வாசித்தேன். மச்சாள் முழுவதும் கேட்டார். "ஒரு சொல்லும் வெட்டாத புள்ள, அப்பிடியே அச்சடிக்கட்டும்" என்று மகளிடம் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். அன்றைக்கு என்னிடம் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

அண்ணனின் நோய்க் காலத்தில் கவனித்த வைத்தியர்கள், தாதியர்கள், தோளில் சுமந்த கழகப் பிள்ளைகள், நேரம் பாராமல் பாதைப் படகை ஓட்டித் தந்தவர்கள், செத்தவீட்டின் எட்டு நாளும் சமைத்துக் கொடுத்த அயலவர்கள், காத்தான்குடியிலிருந்து தினமும் வந்து வாசலில் இருந்த அவருடைய பழைய ஆட்டத் தோழர் ஆகிய எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்றைய முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வராத எங்கள் ஊரவர்களுக்கு இந்த மலரை நானே வீடு வீடாகக் கொண்டுவருவேன். வாசலில் தந்துவிட்டுப் போய்விடுவேன். வாசித்த பின் என்னுடன் பேச மனமில்லாதவர்கள் பேச வேண்டாம். ஆனால் ஒருமுறை வாவியைக் கடந்து போய், உங்கள் புருசன் எங்களை விற்கவில்லை என்று மச்சாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். என் வாயால் அதை அவர் கேட்டுவிட்டார். ஊரின் வாயால் இன்னும் கேட்கவில்லை.

தம்பி