குழாய்ப் பக்கம் திரும்பிய டார்லீன்

கனடாவின் எட்மன்டனில் பளு தூக்கும் போட்டி எது நடந்தாலும் டார்லீன் ஹ்ரின்சுக்குக்கு அழைப்பு வரும். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். புருஷன் போன பிறகு அவளைத் தேடி யாராவது கூப்பிட்டார்கள் என்றால் இந்த ஒரு வேலைக்குத்தான்: ஊக்கமருந்துச் சோதனைக்கு வரும் வீராங்கனைகள் சிறுநீர் மாதிரி கொடுக்கும்போது எதிரே நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடுதான் கடைக்குக்கூடப் போவாள்.

இந்த முறை உலகப் போட்டி. வெண்கலம் வாங்கிய டெஸ்ஸா உள்ளூர்ப் பெண். விதிப்படி சட்டையை மார்புவரை சுருட்டி, கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கி, கோப்பையோடு உட்கார்ந்தாள். வரவில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கவும் பயம். மாதிரி நீர்த்துப்போனால் மறுபடியும் கொடுக்கச் சொல்வார்கள். கூச்சத்தில் அழுதுவிட்டாள்.

டார்லீனுக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் என்று, எதிர்ச் சுவரில் இருந்த குழாயைத் திரும்பித் திறந்தாள். மறுபடி பார்த்தபோது கோப்பை பாதி நிறைந்திருந்தது.

வெளியே கண்காணிப்பாளர் ஃபோர்னியே நின்றிருந்தார். சோதனை விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க வந்தவர். ஆண் என்பதால் உள்ளே வர முடியாது. முழுக்கப் பார்த்தீர்களா என்று கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் அறைப் பொறுப்பாளி கெயில், ஆமாம் சொல் என்று சாடை காட்டினாள்.

டார்லீன் இதுவரை அந்தக் கேள்விக்குப் பொய் சொன்னதில்லை.

"இல்லைங்க. குழாயைத் திறக்கத் திரும்பிட்டேன்."

மாதிரி செல்லாது, இன்னொன்று கொடுக்க வேண்டும் என்றார் ஃபோர்னியே. டெஸ்ஸாவின் வீட்டார் விருந்துக்குக் காத்திருந்தார்கள். அவள் டார்லீனைத்தான் பார்த்தாள்.

"பாவம் பாத்துதான் திரும்புனீங்கன்னு நெனச்சேன் ஆன்ட்டி. கடைசில என்னையே மாட்டிவிட்டுட்டீங்களே."

ஃபோர்னியே டார்லீனின் நேர்மையைப் பாராட்டினார். பாராட்டிவிட்டு, இவரை இனி அழைக்க வேண்டாம் என்று கெயிலிடம் சொன்னார்.

அட்டையைக் கழற்றி வாங்கும்போது கெயில் காதோரம் கடிந்துகொண்டாள். "ஊர் உலகத்துல எல்லாரும்தான் திரும்புறோம். உனக்கு மட்டும் வாய் ஏன்டி சும்மா இருக்கல?"

இரண்டாவது முறை கெயிலே உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஃபோர்னியேவுக்கும் கேட்டிருக்கும்.

வெளியே வந்த கெயிலிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

"கண்ணெடுக்காம பார்த்தேன் சார்."

சரி என்று தலையாட்டினார். டார்லீன் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு, மாட்டியிருந்த தன் குளிர்கோட்டை எடுக்கப் போனாள்.