மேப்பிங்கில் விழுந்துபோன பெயர்

முதலில் நான் தட்டியது என் மகளின் பெயரை. தேடல் பெட்டியில் அதை எழுதி என்டரை அழுத்தும்போதே தெரியும், எதுவும் வராது என்று. டேட்டா மேப்பிங் மென்பொருளில் ஆட்களின் பெயர்கள் இருக்காது. திரையின் இடப்பக்கம் ஒரு பெட்டி, வலப்பக்கம் ஒரு பெட்டி. பழைய பதிவேட்டின் ‘பெயர்’ என்ற கட்டத்திலிருந்து புதிய பதிவேட்டின் ‘பெயர்’ என்ற கட்டத்துக்கு ஒரு கோடு. தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். அந்த வழியில் போகிறவர்கள் யாரென்று அதற்குத் தெரியாது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பல வருடங்களாக இதுதான் என் வேலை. இருந்தும் தட்டினேன். ‘கிடைக்கவில்லை’ என்றது. மறுபடியும் தட்டினேன்.

அன்று காலை எங்கள் தொழிற்சாலையில் அபாய மணி அடித்தது. பயிற்சி நடக்கும் கட்டடத்தில் ஒரு மோட்டார் புகைந்துவிட்டது. தீ பிடிக்கவில்லை. ஆனால் அது அப்போது யாருக்குத் தெரியும்? எல்லாரும் கார் நிறுத்துமிடத்தில் கூடினோம். என் மகள் பயிற்சி ஊழியராகச் சேர்ந்து இரண்டாவது வாரம். பாதுகாப்புப் பிரிவு அண்ணன் டேப்லெட்டைப் பார்த்துப் பயிற்சி ஊழியர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். கைகள் உயர்ந்தன. ரேடியோவில், “எல்லாரும் வெளியே வந்தாச்சு” என்றார். நான் கூட்டத்தில் அவளைத் தேடினேன். இல்லை.

“அண்ணே, என் மக இன்னும் வெளிய வரல.”

“இதுல உள்ளவங்க எல்லாம் வந்துட்டாங்க தங்கச்சி. கணக்கு சரியா இருக்கு.”

“அவ பேர நீங்க வாசிக்கவே இல்லையே!”

அவர் டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். முகம் வெளுத்தது. அந்தக் கட்டடத்தை நோக்கி ஓடினார். அவர் கதவைத் தொடுவதற்குள் அவளே வெளியே வந்தாள், தலைமுடியைச் சரிசெய்தபடி.

“தூசி படாத ரூம்ல போடுற க்ளீன் ரூம் சூட்டோட வெளிய போகக்கூடாதுன்னு மொத நாளே சொன்னாங்கம்மா. அதான் கழட்டி மாட்டிட்டு வந்தேன்.”

“நெருப்பு வந்தாலுமா?”

“அத சொல்லல லா.”

அவளைத் திட்டினேனா, கட்டிப்பிடித்தேனா, நினைவில்லை. அவள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “என்னை மட்டுமில்ல, எங்க மூணு பேரையும் வாசிக்கலயாம். மூணு இந்தியப் பொண்ணுங்க. மத்த ரெண்டு பேரு இங்கதான் நிக்கிறாங்க. என்னம்மா, ஒங்க கம்ப்யூட்டருக்கு எங்கள புடிக்கலயா?”

மதிய உணவுக்குப் பிறகு பயிற்சி தொடரும் என்று அறிவித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய்விடு என்று கெஞ்சினேன். “ஒரு நாள் விட்டாலும் ட்ரெய்னிங்க கட் பண்ணிடுவாங்க. நான் உள்ளதான் போவேன்” என்றாள். இன்னொரு முறை மணி அடித்தால் அவள் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. ‘எல்லாரும் வந்தாச்சு’ என்று சொல்லிவிட்டு நிற்பார்கள். அதற்குள் நான் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஆள் எண்ணும் புதிய அமைப்பை அந்த மாதம்தான் இணைத்திருந்தார்கள், முதலில் பயிற்சி ஊழியர்களுக்கு மட்டும். மேப்பிங் செய்தது ஒரு வெளி ஒப்பந்தக்காரர். ‘பெயர்’ என்ற சொல்லைத் தேடினேன். ஒன்றன்பின் ஒன்றாக ஏகப்பட்ட கட்டங்கள் மின்னின. எல்லாக் கோடுகளும் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கே போயின. அண்ணன் இரண்டு கோப்பியோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். குடிக்கத் தோன்றவில்லை.

மூணு இந்தியப் பொண்ணுங்க. மகள் கேலியாகச் சொன்னது திரும்பத் திரும்ப ஓடியது. மற்றவர்களின் பெயரில் இல்லாத எது எங்கள் பெயரில் இருக்கிறது? மலாய்க்காரப் பெண்களுக்கு, மகள் என்று பொருள்படும் ‘பிந்தி’. சீனர்களுக்குக் குடும்பப் பெயர். எங்கள் பெண்களுக்கு, அடையாள அட்டையில், பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ‘ஏ/பி’. இன்னாருடைய மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம். நடுவில் ஒரு சாய்கோடு.

சாய்கோட்டை மட்டும் தட்டித் தேடினேன். ‘கிடைக்கவில்லை.’

கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொடர்ந்து பார்த்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது: பெயர்க் கோட்டின் நடுவே, பாசிமணி அளவில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் தனியாக ஒரு மேப்பிங் இருக்கும், திறந்தால்தான் தெரியும். தேடல் திறந்திருக்கும் பக்கத்தை மட்டும்தான் பார்க்கும், மூடிய பெட்டிக்குள் போகாது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். பதற்றத்தில் மறந்திருந்தேன். இரண்டு முறை சொடுக்கித் திறந்தேன். மறுபடி சாய்கோட்டைத் தேடினேன்.

ஒன்று. ஒரே ஒன்று. மஞ்சள் நிறத்தில் மின்னியது.

“இங்க இருக்கு!” என்று கத்தியதில் அண்ணன் கையிலிருந்த கோப்பி என் மேசையில் சிந்தியது.

“எங்க? எங்க?”

பழைய பதிவேட்டில் பெயரையும் பிரிவையும் ஒரே வரியில், நடுவில் சாய்கோடு போட்டு எழுதுவார்கள். இந்தப் பெட்டி முதல் சாய்கோட்டில் வெட்டுகிறது. முன்பாதி பெயர், மிச்சமெல்லாம் பிரிவு. என் மகளின் பெயரை ‘ஏ’ என்ற எழுத்தோடு வெட்டிவிட்டு, அவள் அப்பாவின் பெயரைப் பிரிவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு பிரிவு தொழிற்சாலையில் இல்லை. தெரியாத பிரிவில் இருப்பவர்களை அடுத்த வடிகட்டி சத்தமில்லாமல் கீழே தள்ளிவிடுகிறது.

“அலாமாக்! ஒங்க வீட்டுக்காரரு பேருல ஒரு டிப்பார்ட்மெண்டா?”

“கேட்டா ரொம்ப சந்தோஷப்படுவாரு அண்ணே. வீட்டுலயே அவருக்கு அதிகாரம் இல்ல.”

அவர் சிரித்தார். பிறகு, தன் பெயர் அட்டையைத் தொட்டுப் பார்த்து, “நான் முஸ்லிம், எனக்கு மகன்ங்கிறதுக்கு ‘பின்’தானே, கோடு கிடையாது. நானே எத்தன தடவ சோதிச்சேன், எல்லாம் சரியாத்தான் வந்துச்சு” என்றார்.

முதல் சாய்கோட்டில் அல்ல, கடைசிச் சாய்கோட்டில் வெட்டு என்று மாற்றினேன். தெரியாத பிரிவு என்றால் தள்ளாதே, சிவப்பு நிறத்தில் மேலே காட்டு என்றும் சேர்த்தேன். மேலாளரிடம் ஓடி அனுமதி வாங்கி வந்து மேப்பிங்கை ஓட்டினேன். வலப்பக்கத்தில் மூன்று பெயர்கள் புதிதாக வந்து நின்றன. என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தேன். பரீட்சை முடிவு பார்க்கும் பிள்ளைபோல் திரையிடம் திரும்பத் திரும்ப வந்தேன்.

பயிற்சி ஊழியர்கள் உள்ளே போகும் முன் வாசலில் நிறுத்தி அண்ணன் மறுபடி பெயர்களை வாசித்தார். நான் தூணோரம் நின்றேன். அந்த இடம் வந்தது. அவள் பெயர், ஏ பி, அவள் அப்பாவின் பெயர். ஒரு எழுத்துக் குறையாமல்.

“இருக்கேன்!”

குரல் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அவள் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீங்க எதுக்கு கை தூக்குறீங்க? கீழ போடுங்க லா, எல்லாரும் பாக்குறாங்க.”

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். கீழே போட்டேன்.

“அண்ணே,” என்றேன், “அத மட்டும் இன்னொரு தடவ வாசிங்களேன்.”

அவர் வாசித்தார்.