சூடேற்றினால் போதும்

"...உடைக்கவே வேண்டாம்மா, சூடேத்தினாப் போதும். விண்வெளில காத்தே கிடையாதே, சூடு எங்க போகும்? எதிரிக் கப்பலோட பீரங்கியெல்லாம் தானா நின்னுடும்," என்றாள் மகள், லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல். இந்த விளையாட்டில் ஜெயித்தால் அவளுடைய ஜாதவ்பூர் கல்லூரி அணி இறுதிச் சுற்றுக்குப் போகும்.

"காத்து நம்ம வீட்லயும் இல்லையேடி," என்றேன். எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டில் மே மாதப் புழுக்கம். ஒரு டேபிள் ஃபேனை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

எதிரிக் கப்பல் சிவந்து, சுடுவதை நிறுத்தியது. இன்னும் ஒரே அடிதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, கொதித்துக்கொண்டிருந்த லேப்டாப் தானாக அணைந்துபோனது. போனில் அவள் கூட்டாளிகள், என்ன ஆச்சு என்று வங்காள மொழியில் கத்தினார்கள். வெப்ப ஆயுதத்தின் வலிமையில் எனக்கிருந்த சந்தேகமெல்லாம் தீர்ந்தது.

மகள் எழுந்து வந்து, என் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் லேப்டாப்புக்கு நேராக வைத்தாள்.