சாம்பார் என்ற கோப்பு

காலையில் வங்கிக்குக் கொடுக்க ஒரு சம்பளச் சான்று வேண்டியிருந்தது. மடிக்கணினியைத் திறந்து, தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'sam' என்று மூன்றெழுத்துதான் அடித்தேன். அதற்குள் அந்த அவசரக்குடுக்கை 'சாம்பார்' என்று ஒரு கோப்பை எடுத்து நீட்டிவிட்டது. என் மனைவி எப்போதோ சேமித்துவைத்த சமையல் குறிப்பு. நீங்களாக இருந்தால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பீர்கள். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இதே பெயரில் இருந்த ஒரு கோப்பை முன்பொருமுறை கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். அந்தப் புண்ணியத்தில் பன்னிரண்டு பேருக்கு வேலை போனது.

தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில், தகடு அடித்து வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். ஆவடியில் ரயிலேறி பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தால், கம்பெனி வாசலிலேயே கட்டிங் ஆயில் நெடி மூக்கில் ஏறும். அந்த நெடி எட்டாத ஒரே இடம் எங்கள் அறை. ஏ.சி. இருந்தது; எங்களுக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக. செருப்பை வெளியே விட்டுத்தான் வரவேண்டும், தூசி பட்டால் மிஷின் கெட்டுவிடுமாம். ஆயுத பூஜைக்கு மானிட்டர் நெற்றியில் அப்பிய சந்தனம் அடுத்த ஆயுத பூஜைவரை உதிர்ந்துகொண்டே இருக்கும், அதை மட்டும் யாரும் தூசி என்று சொல்லவில்லை. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே உள்ளே யார் என்று சொல்லிவிடலாம். மதிய இடைவேளையில் தனம் அக்காவின் செருப்புக்குப் பக்கத்தில் சில நாள் எண்ணெய்க் கறையேறிய ஒரு ஜோடி கிடக்கும். அது அவர் தம்பி ஏழுமலையுடையது.

தனம் அக்கா எங்கள் டைப்பிஸ்ட். ஊர் பருத்திப்பட்டு. அவர் அம்மா அப்பா ஏரிப் பாசன நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர்கள். அக்காதான் அந்தக் குடும்பத்தில் ஹையர் டைப்பிங் முடித்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். ஏழுமலை தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் இருந்தான். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவர் அப்படியொரு பிரியம். கேரியரைத் திறந்தால் முட்டையைப் பாதியாக்கித் தம்பிக்கு வைத்துவிட்டுத்தான் அக்கா சாப்பிடுவார். எனக்கும் சில நாள் கால் முட்டை வந்ததுண்டு.

அந்த நாட்களில் எங்களுக்கெல்லாம் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. குட்டிக் குட்டி மென்பொருள்கள். திரை மூலையில் ஓடும் கடிகாரம், ஒரு விசையைத் தட்டினால் குதித்து வரும் காலண்டர், மவுஸ் போகும் பக்கமெல்லாம் உருளும் இரண்டு கண்கள். ஃப்ளாப்பியில் ஏற்றி ரயிலில் கைமாற்றிக்கொள்வோம். பாதி வைரஸோடு வரும். நானும் புரோகிராம் எழுதுகிறவன் என்று காட்டிக்கொள்ள ஆசை. அதற்கு ஒரு வசதியும் வாய்த்தது. அப்போது கோப்புக்கு எட்டெழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாது. ஒருவர் தேதியை வைப்பார், ஒருவர் பார்ட்டி பெயரைக் குதறி வைப்பார், ஒருவர் முருகனை வைத்து ஒன்று, இரண்டு என்று நம்பர் போடுவார். போன மாதக் கடிதத்தைத் தேட அரை நாள் போகும். நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஒரு வார்த்தையைக் கொடுத்தால் எல்லாக் கோப்புகளுக்குள்ளும் நுழைந்து பார்த்து, அந்த வார்த்தை இருக்கும் கோப்பின் பெயரைச் சொல்லும். 'மோப்பம்' என்று பெயரும் வைத்தேன். எத்தனை பெரிய அறிவாளி பாருங்கள்.

தமிழில்தான் அது திணறியது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு வெறும் போர்வை. போர்வையை விலக்கினால் உள்ளே ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் இருக்கும். தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் மோப்பம் முழிக்கும். அக்காதான் ஒருநாள் கேட்டார்.

"தமிழ்ல தேடாதா தம்பி இது? போன வருசத்து பூஜை நோட்டீச எங்க வெச்சேன்னே தெரியல."

"அதெல்லாம் முடியாதுக்கா" என்றேன்.

சொன்னேனே தவிர மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல் என்று அக்கா இரண்டு நாள் லீவு போட்டார். விசைப்பலகை அட்டையை அவர் மேஜையிலிருந்தே எடுத்து, எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்தக் குப்பை என்று பட்டியல் போட்டுச் சேர்த்துவிட்டேன். கூடவே, சொல் இருக்கும் வரியையே திரையில் காட்டும்படியும் செய்தேன். அக்கா வந்ததும் அசத்த வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் அவர் வரும்வரை பொறுக்க முடியவில்லை. மேனேஜர் வரதராஜன் எங்கள் அறைக்குள் வந்ததும் நானே வலியக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்படியா? எம்பேரைப் போட்டுப் பாருங்க" என்றார்.

போட்டேன். மூன்று கோப்புகள் வந்தன. ஒன்று பூஜை நோட்டீஸ். ஒன்று விடுமுறை அறிவிப்பு. மூன்றாவது, அக்கா தமிழ் டைப்பிங் பழகச் சமையல் குறிப்புகளாக அடித்துவைத்த பகுதியிலிருந்து, சாம்பார். சாம்பாருக்குள் இவர் பெயர் எப்படி வந்தது என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குக் கீழே வரி வந்தது: 'மேலாளர் வரதராஜன் அவர்கள் உற்பத்தி குறைகிறதென்று மிஷினின் தடுப்புக் கம்பியைக் கழற்றச் சொன்னதால் இதுவரை மூன்று பேர் விரல் இழந்துள்ளோம்.'

கோப்பைத் திறக்கச் சொன்னார். முதல் ஐந்து வரி நிஜமான சாம்பார்: துவரம் பருப்பு, புளி, பெருங்காயம். அப்புறம் பக்கம் முழுக்கக் காலி. அதற்கடுத்து தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு. கீழே கையெழுத்துக்காகப் பதினோரு பெயர்கள். பெயரை மாற்றி மேலே பருப்பைத் தூவிவிட்டால் போதும் என்று அக்கா நம்பியிருக்கிறார். கோப்புக்குள் நுழைந்து தேடுகிற ஒன்று தன் அறையிலேயே, தான் கேட்டதாலேயே வரும் என்று பாவம் அவர் எப்படி நினைப்பார்?

"பிரிண்ட் எடுங்க" என்றார் வரதராஜன். எடுத்தேன். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று அந்தப் பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாக அடித்தது. காகிதத்தைக் கிழித்து மடித்துக்கொண்டே, "இந்த தமிழ்ல தேடுறதை அழிச்சிடுங்க. யாருக்கும் தெரிய வேணாம். உங்களை நான் பாத்துக்கிறேன்" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கும் வாய் இருந்தது. அழித்தேன்.

அக்கா லீவு முடிந்து வந்த அன்று மேனேஜர் எங்கள் அறைக்கே வந்தார். "சாம்பார்ல என்ன இருக்குன்னு உங்க ஆளே வந்து சொல்லிட்டான்மா" என்றார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், கீபோர்டைப் பார்த்துக்கொண்டு. அக்கா கேரியரை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பதினோரு பேரும் அந்த வாரத்துக்குள் வெளியே. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத ஏழுமலையை மட்டும் வரதராஜன் தொடவில்லை. தொடாததோடு லைன் லீடர் ஆக்கினார். மனுவைச் சொல்லச் சொல்ல அடிக்கவைத்தவனே ஏழுமலைதான், அது எந்தப் பெயரில் இருக்கிறது என்று அக்காவைத் தவிரத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். அவன் செருப்பு அங்கே கிடந்ததைத்தான் எல்லோரும் பார்த்திருந்தார்களே. பிறகு சந்தேகத்துக்கு என்ன குறை?

ஒருநாள் ஷிப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நைனா, நீ அந்த ரூம்லயே கீற. உனக்குத் தெரிஞ்சிருக்கும். நானா சொன்னேன்? எம்பேர கடைசில சேத்துக்கலாம்னு வுட்டேன், அது ஒரு குத்தமா? எங்கக்கா என்ன ஊட்டுக்குள்ளயே உட மாட்டேங்குது. நீ வந்து ஒரு வார்த்த சொல்லு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது ஏழுமலை" என்றேன்.

அப்போது என் மேஜையில் 'கம்ப்யூட்டர் இன்சார்ஜ்' என்று ஒரு பலகை புதிதாக வந்திருந்தது. அதற்காகவா சொல்லாமல் இருந்தேன், பன்னிரண்டு பேர் வீட்டு ஆட்களும் என்னைத் தேடி வருவார்கள் என்ற பயத்திலா? இப்போது யோசித்தால் இரண்டும்தான். நான் கோழை. இதை நயமாகச் சொல்ல வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

ஏழெட்டு வருடம் கழித்து, குமணன்சாவடி பேருந்து நிறுத்தத்தில் தனம் அக்காவைப் பார்த்தேன். ஒரு துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலையாம். ஹையர் டைப்பிங் பாஸ் செய்த விரல்களில் கத்தரிக்கோல் காய்ப்பு. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது, அதுதான் தாங்கவில்லை.

"நல்லா கீறியா தம்பி? கல்யாணம் ஆயிடிச்சா?" என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார். "எம்பொண்ணுக்கு போன வைகாசில முடிச்சேன். மேடையில தாய்மாமன் எங்கன்னு எல்லாம் கேட்டாங்க. நான் கூப்புடல."

"ஏழுமலை எப்படிக்கா இருக்கான்?"

"அது செத்து ஆறு மாசம் ஆவுது. மஞ்ச காமாலை. நான் சாவுக்கே போவல. கூடப் பொறந்தவள காட்டிக் குடுத்தவன் மூஞ்சில இன்னா முழிக்கறது?" பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "கடைசி வரைக்கும் நான் இல்லக்கா, நான் இல்லக்கான்னு ஆள் சொல்லி வுட்டுக்கினே இருந்தான்."

சொல்லிவிட வாயெடுத்தேன். பூந்தமல்லிப் பக்கமிருந்து அவருடைய பேருந்து வந்துவிட்டது. "வரேன் தம்பி" என்று ஏறிவிட்டார். ஏறிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சில்லறை இருந்தது, உட்கார இடமும் இருந்தது.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. கட்டிங் ஆயில் நெடிக்குப் பதில் யார் வீட்டிலோ தாளிக்கிற வாசனை. எட்டெழுத்துக் கட்டுப்பாடு போய்விட்டது, ஃப்ளாப்பி போய்விட்டது, அந்தப் போர்வை எழுத்துரு போய்விட்டது. மோப்பத்தின் மிச்சப் பிரதியும் எங்கேயோ தொலைந்தது. வரதராஜன் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கே போய்விட்டார். "நீ வந்து ஒரு வார்த்த சொல்லு" என்று கேட்ட ஏழுமலையும் இல்லை. நடந்ததை அக்காவிடம் போய்ச் சொல்லக்கூடியவன் என்று இனி நான் ஒருவன்தான்.

தனம் அக்கா பருத்திப்பட்டில் அதே வீட்டில்தான் இருக்கிறாராம். என் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம். நான் இன்னும் போகவில்லை.