கற்பூரத்தை முகர்ந்த நாள்

சுபாங் ஜெயாவில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் வாசனைக்கும் ருசிக்கும் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள் என்று என் கணவர் வந்து சொன்னார். காது கேட்காதவளைக் கச்சேரிக்குக் கூப்பிடுவதுபோல இருந்தது. எரிந்து விழுந்தேன். "பாப்பாவுக்காச்சும் போலாம்லா," என்றார். போனோம்.

பாப்பா வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது வந்த காய்ச்சலில் என் மூக்கு செத்துப்போனது. அதே காய்ச்சல் வந்த மற்றவர்களுக்குக் கொஞ்ச நாளில் வாசனை திரும்பியது, எனக்குத் திரும்பவில்லை. கிள்ளானில் பிரசவமான அன்று மாமியார் குழந்தையை வாங்கி உச்சி முகர்ந்து, "என்னா வாசம் பாரு புள்ளைக்கு!" என்று கண்கலங்கினார். நானும் மூக்கை வைத்தேன். சூடு இருந்தது. முடி குறுகுறுத்தது. அவ்வளவுதான். பிள்ளையைக் கொஞ்சுவதற்கே உச்சி முகர்தல் என்று பேர் வைத்த பாஷையில் நான் தாயானேன். "லக்கிலா நீ, பம்பர்ஸ் மாத்துறப்ப நாத்தம் தெரியாது," என்று தோழி ஒருத்தி சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அறைந்திருக்க வேண்டும்.

இப்போது நான்கு வயதாகும் பாப்பாவுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஓடிவந்து தலையை நீட்டி, "நான் என்னா வாசம்?" என்பாள். குளித்திருந்தால் "பவுடர் வாசம்" என்பேன். வெளியே விளையாடிவிட்டு வந்தால் "வெயில் வாசம்". ஒரு தடவைகூட மாட்டிக்கொண்டதில்லை.

அருங்காட்சியகத்தில் சுவர் முழுக்கக் குழாய்கள். பொத்தானை அழுத்தினால் காற்று வரும். என்ன வாசனை என்று சொல்லிவிட்டு, பக்கத்திலுள்ள மூடியைத் திறந்து சரிதானா என்று பார்க்கலாம். பாப்பா மல்லிகையைக் கண்டுபிடித்தாள். பெலாச்சான் என்ற இறால் விழுதுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தே விடை சொல்லிக்கொண்டு போனேன்.

கடைசிக் குழாயில் சுருக்கென்று மூக்குக்குள் ஏதோ ஏறியது. சின்ன வயதில் சளிக்குத் தேய்த்த கற்பூரத் தைலம்போலச் சில்லிட்டு, எரிந்து, கண்ணில் நீர் முட்டியது. "கற்பூரம்!" என்று கத்தினேன். கணவர் மூடியைத் திறந்தார். கற்பூரமேதான்! "வந்துருச்சுங்க!" என்று அவர் தோளில் விழுந்து அழுதேன். அங்கே நின்ற பணிப்பெண்ணிடமும் கதை முழுக்கச் சொன்னேன்.

அவள் முகம் வாடிவிட்டது. "சாரி அக்கா. கற்பூரத்தோட அந்த எரிச்சல் வேற நரம்பு. வாசமே தெரியாதவங்களுக்கும் அது தெரியும்."

மூக்கு செத்த பிறகும் அந்த எரிச்சல் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் ஏற்றுகிறேன், ஆனால் சாமிக்குரியதை முகரக்கூடாது என்று வளர்ந்தவள். டப்பாவைத் திறக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தப் பெண் மேல் கோபம் கோபமாக வந்தது. நேற்றுப் படித்துவிட்டு வந்தவளுக்கு என் மூக்கைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து பாப்பாவை இழுத்து, உச்சியில் மூக்கைப் பதித்து, மார்பு வலிக்க மூச்சை இழுத்தேன். சூடு. குறுகுறுப்பு. வேறொன்றுமில்லை. இனி வரப்போவதில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

விளையாட்டு என்று நினைத்து அவள் கேட்டாள், "நான் என்னா வாசம்?"

"பவுடர் வாசம்மா."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்குப் பவுடரே போடலையேம்மா. அப்போ எப்பவும் சும்மாதான் சொன்னியா?"